டிஸ்டோனியா: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் அதற்கான தமிழ்ச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

தன் விருப்பமின்றித் தசைகள் சுருங்கி, உடலுறுப்புகளைத் திருகச் செய்யும் நரம்பியல் இயக்கக் கோளாறு டிஸ்டோனியா ஆகும். 1911ஆம் ஆண்டு பெர்லினில் இடப்பட்ட இப்பெயர் நோயின் மையக்கூறைச் சுட்டவில்லை என்னும் மறுப்பு அதே ஆண்டில் எழுந்தது. ஆயினும் அப்பெயரே நிலைபெற்றது. அது நிலைத்ததற்கான காரணத்தையும், அதனோடு போட்டியிட்ட பெயர்களால் நோயாளர்க்கு நேர்ந்த விளைவுகளையும் விளக்கி, இந்நோய்க்குத் தமிழில் சொல் ஆக்குவோர் எதனை மொழிபெயர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டிஸ்டோனியா, ஓப்பன்ஹைம், நோய்ப்பெயரியல், லுபாக், கலைச்சொல்லாக்கம், வலிப்பு, இசிவு.

முன்னுரை

மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது மூலச்சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் நேரான தமிழ்ச்சொல்லைத் தேடுவது பெருவழக்கு. மூலச்சொல் தான் குறிக்கும் பொருளுக்கு ஏற்புடையதாக இருக்கும் வரை இம்முறை பயன் தரும். மூலச்சொல்லே பிழையான ஒரு கருதுகோளின் மீது எழுந்ததாயின், அப்பிழையும் சேர்ந்தே தமிழுக்குள் வந்துவிடும். டிஸ்டோனியா என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கிரேக்கத்தில் 'டிஸ்' என்பது குறையுடைய, கெட்ட என்னும் பொருளையும், 'டோனோஸ்' என்பது இழுத்துக் கட்டிய நிலையையும் குறிக்கும். இசையில் வழங்கும் 'டோன்' இதே டோனோஸிலிருந்து வந்தது. நரம்பை இழுத்துக் கட்டினால்தானே ஒலி பிறக்கும். தமிழில் வழங்கும் 'தொனி' ஒலியொப்புமையால் இதற்கு உறவுபோலத் தோன்றினும், அது 'த்வனி' என்னும் வடசொல்லின் திரிபு. டோனோஸுக்கு வேர்வழி உறவுடையது 'தந்தி' என்னும் சொல்லே. தசை இயல்பைக் குறிக்க நம் பாடநூல்கள் 'தசைத்தொனி' என எழுதும்போது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் நலம்.

நோயின் இயல்பு

முழங்கையை மடக்கும்போது முன்புறத் தசை சுருங்க, பின்புறத் தசை தளர்ந்து வழிவிடுகிறது. டிஸ்டோனியாவில் இவ்வொழுங்கு குலைகிறது. எதிரெதிராக இயங்க வேண்டிய தசைகள் ஒருசேரச் சுருங்குகின்றன. மேற்கொண்ட செயலுக்குத் தொடர்பற்ற அண்டைத் தசைகளுக்கும் அச்சுருக்கம் வழிந்து பரவுகிறது. இதனால் பாதம் உள்நோக்கித் திரும்பும்; கழுத்து ஒருபுறமாகச் சுழன்று நிற்கும்; இமைகள் இறுக மூடித் திறக்க மறுக்கும்; குரல் நெரிபட்டு உடையும். அசைவுகள் ஒழுங்கற்றுச் சிதறுவனவல்ல. ஒவ்வொரு நோயாளரிடமும் ஒரே வார்ப்பில், ஒரே திசையில் அவை மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன.

தசையிலோ தசைக்குச் செல்லும் நரம்பிலோ பழுது இல்லை. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியா எனப்படும் நரம்பணுத் திரள்கள், சிறுமூளை, பெருமூளைப் புறணி ஆகியவற்றை இணைக்கும் சுற்றுவழிகளில் அடக்கும் ஆற்றல் குன்றுவதே அடிப்படை எனக் கருதப்படுகிறது. வேண்டாத அசைவுகளை அடக்குவதும் மூளை செய்யும் வேலையே என்பதை இந்நோய் காட்டுகிறது.

இந்நோயின் சில கூறுகள் காண்போரை வியக்க வைப்பன, ஐயுறவும் வைப்பன. பேனாவைப் பிடித்தவுடன் முறுக்கிக்கொள்ளும் கை, ஊசியில் நூல் கோக்கும்போது இயல்பாக இருக்கலாம். முன்னோக்கி நடக்க இயலாத சிறுவன் பின்னோக்கி எளிதாக நடக்கலாம். திரும்பி நிற்கும் கழுத்து, கன்னத்தை ஒரு விரலால் தொட்ட அளவில் நேராகலாம். பிறர் பார்க்கும்போது மிகும். உறக்கத்தில் பெரும்பாலும் மறையும். மருத்துவர் தள்ளியும் நேராகாத தலை, நோயாளரின் ஒற்றை விரல் பட்டு நேரானால் அதை நடிப்பு என்றோ மனநோய் என்றோ எண்ணுவது எளிது. பிரான்சில் பிரிஸ்ஸோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய கழுத்துத் திருகலுக்கு 'மனவழிக் கழுத்துக்கோணல்' என்று பொருள்படும் பெயரை இட்டதற்கு இவ்விரல் தொடுகையே முதன்மைச் சான்றாக அமைந்தது. இன்று அதே தொடுகை 'புலன் உத்தி' என அழைக்கப்பட்டு, டிஸ்டோனியாவை உறுதிசெய்ய உதவும் குறியாகக் கொள்ளப்படுகிறது. சான்று மாறவில்லை, அதனைப் படிக்கும் முறை தலைகீழாக மாறியது.

1908 முதல் 1911 வரை: பெயர்களின் போட்டி

1908இல் பெர்லினில் மார்க்கஸ் ஷ்வால்பே தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஒரே யூதக் குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறந்தோர் மூவரிடம் கண்ட தசைச் சுருக்க நோயை விரித்துரைத்தார். உடன்பிறந்தோர் மூவர்க்கும் நோய் இருந்தது என்னும் செய்தி மரபுவழியைத் தெளிவாகச் சுட்டியது. ஆயினும் ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'ஹிஸ்டீரியா அறிகுறிகளுடன்' என்னும் தொடர் இடம்பெற்றது. அவருடைய நெறியாளர் தியோடோர் ஸீஹன் 1911இல் இதனைத் 'திருகல் நியூரோசிஸ்' என்று பெயரிட்டார்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. அக்காலத்தில் நியூரோசிஸ் என்பது, உடற்கூற்றில் புண்ணோ சிதைவோ காணப்படாத நரம்புக் கோளாறு என்னும் பொருளையும் தாங்கி நின்றது. பின்னர் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கால் அச்சொல் மனப் போராட்டத்தால் விளையும் நோய் என்னும் பொருளுக்குச் சுருங்கியது. நோய் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் பொருள் மாறி நகர்ந்துவிட்டது. சொற்பொருள் மாற்றம் பயில்வோர்க்கு இது பழகிய நிகழ்ச்சிதான். ஆனால் இங்கு அதன் சுமையை ஏற்றவர்கள் நோயாளர்கள்.

அதே 1911இல் பெர்லின் நரம்பியலாளர் ஹெர்மன் ஓப்பன்ஹைம், கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளையோரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இந்நோய் ஹிஸ்டீரியா அன்று, நரம்பு மண்டலத்தில் வேர்கொண்டது என்பது அவர் நிலைப்பாடு. அவர் ஒரு பெயருக்குப் பதில் இரண்டை முன்வைத்தார். ஒன்று 'டிஸ்பேசியா லார்டோடிகா புரோகிரெசிவா'. முதுகு உட்குழிந்து, நடை கெட்டு, படிப்படியாக முற்றும் நிலை என்பது பொருள். மற்றொன்று 'டிஸ்டோனியா மஸ்குலோரம் டிஃபார்மன்ஸ்'. உருக்குலைக்கும் தசை இழுவிசைக் கோளாறு என்பது பொருள். ஒரே தசை ஒரு நேரம் தளர்ந்தும் மறுநேரம் விறைத்தும் காணப்படுவதே நோயின் சாரம் என அவர் கருதியதால் இழுவிசையைப் பெயரில் வைத்தார்.

சில மாதங்களுக்குள் வார்சாவிலிருந்து எட்வர்ட் ஃபிளாட்டாவ், விளாடிஸ்லாவ் ஸ்டெர்லிங் ஆகிய இருவரும் இப்பெயரை மறுத்து எழுதினர். இழுவிசை மாறிமாறி அமைதல் இந்நோயின் சாரம் அன்று. 'மஸ்குலோரம்' என்பது நோய் தசையில் இருப்பதாக மயக்கும். 'டிஃபார்மன்ஸ்' கூறும் நிலைத்த உருக்குலைவு எல்லா நோயாளரிடமும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது திருகல். ஆகவே 'குழந்தைகளின் முற்றும் திருகல் இசிவு' என்பதே தகும் என்றனர். இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் மறுப்பு முற்றிலும் நேர்மையானது. வாதத்தில் வென்றவர்கள் வார்சாவினர். வழக்கில் வென்றதோ பெர்லின் சொல்.

ஏன்? அச்சொல்லின் பொருட்குறையே அதற்கு உதவியது என்பது இக்கட்டுரையின் கருத்து. 'குழந்தைகளின்', 'முற்றும்', 'திருகல்', 'இசிவு' என ஒவ்வொரு சொல்லும் ஓர் எல்லையை வகுத்தது. நாற்பது வயதினரின் இமை மூடலையோ முற்றாத கை முறுக்கத்தையோ அப்பெயருக்குள் கொண்டுவர இயலாது. ஓப்பன்ஹைமின் பெயரிலிருந்து 'மஸ்குலோரம்', 'டிஃபார்மன்ஸ்' என்னும் இரு சொற்களும் உதிர்ந்தபின் எஞ்சிய 'டிஸ்டோனியா', எதனையும் திட்டமாகச் சொல்லாத கிரேக்கச் சொல்லாக நின்றது. புதிய நோய்வகைகள் வந்து சேர அதில் இடம் இருந்தது.

மனம் என்னும் விளக்கமும் அதன் விலையும்

அடுத்த அரை நூற்றாண்டு இப்பெயருக்கு எளிதாக அமையவில்லை. முதல் உலகப்போர் முடியும் காலத்தில் பரவிய உறக்கமூளை அழற்சிக்குப் பின்னும், 1912இல் கின்னியர் வில்சன் விரித்துரைத்த கல்லீரல்–மூளை நோயிலும் இதே திருகல் காணப்பட்டதால், டிஸ்டோனியா ஒரு தனிநோயே இல்லை, பல நோய்களின் அறிகுறி மட்டுமே எனப் பலர் வாதிட்டனர். 1944இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் ஹெர்ஸ் அசைவுகளைத் திரைப்படமாகப் பதிவுசெய்து ஆராய்ந்து, அறிகுறியாகவும் தனிநோயாகவும் அது அமைவதை நிறுவினார். 1950களிலும் 1960களிலும் இர்விங் கூப்பர் மூளையின் தலாமஸ் பகுதியில் அறுவை செய்து சிலர்க்குத் தணிவு தந்தார். குழந்தைப் பருவத்தின் பரவலான நோய் ஓரளவு உடல்நோயாக ஏற்கப்பட்டது. எழுதும் கையின் முறுக்கம், கழுத்துத் திருகல், இமை மூடல் ஆகியன தொடர்ந்து மனநோய்ப் பட்டியலிலேயே வைக்கப்பட்டன. உடலில் எதுவும் தென்படவில்லை என்பதனால் நோயாளர்கள் உள்ளத்தில் ஒளிந்த காரணத்தைத் தேடும் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இலண்டனைச் சேர்ந்த டேவிட் மார்ஸ்டன். குழந்தைப் பருவத்தில் நோய் பெரும்பாலும் காலில் தொடங்கி உடலெங்கும் பரவுகிறது. நடுவயதில் கழுத்திலோ முகத்திலோ கையிலோ தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. பரவலான நோயுடையோர் குடும்பத்தில் கைமுறுக்கம் மட்டும் உடைய உறவினரும் உள்ளனர். ஆகவே இவையனைத்தும் ஒரே நிறமாலையின் பகுதிகள் என 1976இல் அவர் வாதிட்டார். எழுதும் கையின் முறுக்கம் ஓரிட டிஸ்டோனியாவே என்னும் கட்டுரையை 1982இல் ஷீஹியுடன் இணைந்து வெளியிட்டார். பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1964இல் வலக்கையின் இரு விரல்கள் மடங்கிப்போனதால் இருகை வாசிப்பை இழந்தவர். பொட்டுலினம் நஞ்சு ஊசியின் துணையோடு பல்லாண்டுகளுக்குப்பின் மீண்டும் இருகையால் வாசித்தார். அந்த ஊசி, நரம்பு தசைக்கு விடுக்கும் வேதிச்செய்தியை ஏறக்குறைய மூன்று மாதங்கள் தடுத்து வைக்கிறது. நோயின் காரணத்தை அது தொடுவதில்லை.

பெயர் தவறினால் மருந்தும் தவறும் என்பதற்கு வலிமையான சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. மசாயா செகாவா 1971இல் ஜப்பானிய மொழியிலும் 1976இல் ஆங்கிலத்திலும் விவரித்த டிஸ்டோனியாவில், குழந்தையின் கால் காலையில் ஏறத்தாழ இயல்பாக இருந்து மாலைக்குள் திருகிக்கொள்கிறது. உறங்கி எழுந்தால் மீண்டும் தேறுகிறது. லெவோடோபா மருந்தைச் சிறிதளவு கொடுத்தாலே இக்குழந்தைகள் பெரும்பாலும் இயல்பு நடைக்குத் திரும்புகின்றனர். இவர்களுட் சிலர் மூளை முடக்குவாதம் என்னும் பெயரோடு பல்லாண்டுகள் வாழ்ந்துவிடுகின்றனர். அப்பெயர் ஒட்டப்பட்ட பின் அம்மருந்தை முயன்று பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. வில்சன் நோயும் இத்தகையதே: உடலில் மிகும் செம்பை வெளியேற்றும் மருந்து உண்டு, காலம் கடந்தால் பயன் குன்றும்.

ஊரார் இட்ட பெயர்: லுபாக்

மருத்துவர்கள் பெயருக்காகப் போராடிய இக்காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பனாய் தீவு மக்களிடம் ஆயத்தமான சொற்கள் இருந்தன. அத்தீவில், குறிப்பாகக் காப்பிஸ் மாநிலத்தில், ஆண்களையே பெரும்பாலும் தாக்கும் ஒரு டிஸ்டோனியா தலைமுறைகளாக இருந்து வருகிறது. தாயின் எக்ஸ் நிறப்புரி வழியே மகனுக்கு வரும் இந்நோய் ஏறத்தாழ 40 வயதளவில் தொடங்குகிறது. இதனை லில்லியன் லீ முதலியோர் 1976இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். இலோங்கோ மொழியில் இதன் பெயர் 'லுபாக்'. முறுகிய, திருகிய என்று பொருள். நிலைத்து நிற்கும் திருகலுக்கு 'வாஎக்' என்றும், காலை இழுத்துத் தேய்த்து நடக்கும் நிலைக்கு 'சுட்சுட்' என்றும் சொற்கள் உண்டு. பிந்தையது ஒலிக்குறிப்புச் சொல். தரையில் கால் உரசும் ஓசையே பெயராயிற்று.

இச்சொற்களின் நுட்பம் எண்ணத்தக்கது. இந்நோய் திருகலாகத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச்செல்லப் பார்க்கின்சன் நோய் போன்ற தளர்நடையாக மாறுவது உண்டு. அம்மாற்றத்தை ஆய்வகக் கருவி எதுவுமின்றி, பார்த்ததைப் பார்த்தவாறே சொன்ன மக்கள் வழக்கு பதிவுசெய்து வைத்திருக்கிறது. கிரேக்கக் கூட்டுச்சொல்லுக்கு இல்லாத இந்நேர்மையே லுபாக் பன்னாட்டு ஆய்விதழ்களிலும் ஏறக் காரணம் எனலாம்.

எண்களும் மரபணுக்களும்

1997இல் ஒசீலியஸ் குழுவினர், குழந்தைப் பருவப் பரவல் டிஸ்டோனியாவுக்குக் காரணமான மரபணுவை 9ஆம் நிறப்புரியில் கண்டறிந்தனர். அம்மரபணு ஆக்கும் டார்சின்–ஏ என்னும் புரதத்தில் 332 அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்று எழுத்துகள் நீங்குவதால் அவற்றுள் ஒன்று குறைகிறது. இம்மாற்றத்தைப் பெற்றோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கே நோய் வெளிப்படுகிறது. புரதத்தின் பெயரிலேயே 'டார்சியோ', அதாவது திருகல், அமர்ந்திருப்பதைக் காண்க. ஃபிளாட்டாவ், ஸ்டெர்லிங் ஆகியோர் கோரிய சொல் எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து மரபணுவியலில் இடம்பெற்றது. கண்டறியப்பட்ட வரிசையில் டிஒய்டி1, டிஒய்டி3 என எண்ணிட்ட முறை குழப்பம் தந்ததால், மரபணுவின் பெயரை இணைத்து எழுதும் முறை 2016இல் பரிந்துரைக்கப்பட்டது.

மருத்துவத்தில் பெயர் நீக்கமும் நடந்துள்ளது. டிஸ்டோனியாவை முதன்மை அறிகுறியாகக் கொண்டு, மூளையில் இரும்பு படியும் ஒரு நோய்க்கு 1922இல் விவரித்த இருவர் பெயரால் ஹாலர்வோர்டன்–ஷ்பாட்ஸ் என வழங்கிவந்தனர். நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டோரின் மூளைகளை ஹாலர்வோர்டன் தம் ஆய்வுக்குப் பெற்றார் என்பது வெளிப்பட்டபின் அப்பெயர் கைவிடப்பட்டு, 2001இல் கண்டறியப்பட்ட மரபணுவின் வழியே இன்று குறிக்கப்படுகிறது.

தமிழில் என்ன சொல்வது?

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கிய நாள்முதல் நாம் எதிர்கொள்ளும் வினா இது. டிஸ்டோனியாவைப் பொறுத்தவரை, மேற்கண்ட வரலாறு சில வழிகளை அடைக்கிறது.

'தசை' எனத் தொடங்கும் எச்சொல்லும் 'மஸ்குலோரம்' செய்த பிழையையே செய்யும். நோய் தசையில் இல்லை. 'பிறழ் தசைத்தொனி' போன்ற உறுப்புக்கு உறுப்பான பெயர்ப்பு, ஓப்பன்ஹைமின் கைவிடப்பட்ட கருதுகோளைத் தமிழில் புதிதாக நாட்டும்.

'வலிப்பு' என்பது சொல்லியல் நோக்கில் டோனோஸுக்கு மிக அண்மையது. துடுப்பு வலித்தல் என்னும் வழக்கில் வலித்தல் இழுத்தலே. ஆயினும் அச்சொல் கால்–கை வலிப்புக்கு உரிமையாகிவிட்டது. நினைவு தப்பாத, மூளையின் மின்னோட்டப் புயலோடு தொடர்பற்ற ஒரு நோயை வலிப்பு என்றால், வலிப்பு மருந்து பின்தொடரும். அந்நோய்மீது சமூகம் சுமத்தியுள்ள இழிவும் பின்தொடரும். 'இழுப்பு' பல வட்டாரங்களில் மூச்சிரைப்பையும் குறிக்கும். 'வாதம்' சித்த மருத்துவத்தில் முக்குற்றங்களுள் ஒன்று. அதற்கெனத் தனிக் கோட்பாடு உண்டு. அதனை இதற்கு இணையாக்குவது இரு மருத்துவ முறைகளுக்கும் நேர்மை செய்வதாகாது. 'இசிவு' தகுதியுடைய சொல். ஆனால் டெட்டனஸுக்கும் அது வழங்குவதோடு, திடீரெனத் தோன்றி மறையும் சுருக்கத்தை நினைவூட்டுகிறது. டிஸ்டோனியாவின் திருகலோ நிலைத்து நிற்பது, அல்லது ஒரே வார்ப்பில் மீள்வது.

எஞ்சுவன 'முறுக்கு', 'திருகு' என்னும் இரண்டு. 'முறுக்கிக்கொண்டு போதல்' என்னும் வழக்கில் பிணக்கும் செருக்கும் ஏறிவிட்டன. நோயாளர் வேண்டுமென்றே செய்கிறார் என்னும் பழைய ஐயத்துக்கு அது இடந்தரும். 'திருகுதாளம்' என்னும் வழக்கால் திருகுக்கும் சிறிது கறை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 'திருகியக்கம்' எனக் கூட்டும்போது அக்கறை தொடர்வதில்லை. காண்பதைச் சொல்கிறது; இயக்கத்தில் உள்ள கோளாறு எனக் காட்டுகிறது; தசையையும் மனத்தையும் குற்றஞ்சாட்டவில்லை. கழுத்துத் திருகியக்கம், எழுதுகைத் திருகியக்கம், பரவல் திருகியக்கம் எனத் தொடர்கள் ஆக்கவும் இயலும். லுபாக் என்னும் சொல் பிறந்த முறையும் இதுவே.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு இமை பற்றியது. இமை மூடலில் திருகல் இல்லை. குரல் நெரிபடுவதிலும் வெளிப்படையாக இல்லை. 2013இல் அல்பனீஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு வகுத்த வரையறையும் அசைவுகள் திருகலாக அமைவது இயல்பு என்கிறதே தவிர, எப்போதும் அவ்வாறே எனக் கட்டாயமாக்கவில்லை. இமைக்கு 'இமை இசிவு' என்பதையே வைத்துக்கொண்டு, அது திருகியக்க வகையைச் சார்ந்தது என விளக்கத்தில் சொல்லலாம். வகைப்பெயர் தன் உறுப்பு ஒவ்வொன்றையும் படம்பிடிக்க வேண்டும் என்னும் கோரிக்கைதான் 1911இல் வார்சாவினரின் நல்ல பெயரைத் தோற்கடித்தது.

ஆய்வுக்கட்டுரைகளில் 'டிஸ்டோனியா' என்னும் ஒலிபெயர்ப்பு தொடர்வதில் தடையில்லை. நோயாளர்க்கும் பெற்றோர்க்கும் தரும் தமிழ்க் குறிப்புகளில் முதன்முறை 'டிஸ்டோனியா என்னும் திருகியக்க நோய்' என எழுதி, அடுத்த வரியிலேயே இது வலிப்பு நோய் அன்று என்பதையும், மாலையில் மிகுந்து உறங்கி எழுந்தபின் குறையும் கால் திருகல் உள்ள குழந்தையை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடலாம்.